அரைக்கிறதே, அது என்ன சத்தம்?

உங்கள் வீட்டில் கிரைண்டர் இருக்கிறது அல்லவா? மாவை எல்லாம் வழித்தெடுத்த பிறகு, ஞாபக மறதியாக அதன் ஸ்விட்சைப் போட்டுவிட்டீர்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். கல்லோடு கல் உரசி 'கர்ர்... கர்ர்...' என்று ஒரு சத்தம் எழும். பல் கூசிப் போகும். கூடத்தில் பத்திரிகை படித்துக் கொண்டிருப்பவர்கூட, "முதலில் அதை நிறுத்து!" என்று குரல் கொடுப்பார்.

அதே சத்தம் அவர் ஓட்டுகிற காரிலிருந்து வந்தால் மட்டும், "அது ஒன்றுமில்லை. வயசான வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிடுவார்!

எங்கள் வீட்டில் இது நடந்தது. நடந்ததைச் சொல்லுகிறேன், உங்கள் வீட்டில் நடக்காமல் இருக்கட்டும்.

எங்களுடையது ஏழு வயதான சின்னக் கார். வார நாட்களில் குழந்தைகளைப் பள்ளியில் கொண்டுவிட நான் ஓட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை பிறந்துவிட்டால் ஸ்டீயரிங் என் கணவர் கைக்குப் போய்விடும். போன ஏப்ரல் மாதம், பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் முன்பக்கத்திலிருந்து 'கீச்' என்று குருவிக்குஞ்சு கத்துவது போல ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது.

"தூசி அடைத்திருக்கும்" என்றார் என் கணவர்.

மூன்று வாரம் கத்திய குருவி, ஒரு நாள் தானாகவே வாயை மூடிக் கொண்டது. அவருக்கு ஒரே சந்தோஷம். "பார்த்தாயா? மெக்கானிக்கிடம் போயிருந்தால் வீண் செலவு!" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மே மாத விடுமுறைக்கு ஏற்காடு போவதாக ஏற்பாடு. ஆகிற செலவோடு இதையும் சேர்ப்பானேன் என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு கோவிலுக்குப் போகும்போது, பின் சீட்டில் உட்கார்ந்திருந்த என் மாமியார் காதைத் தீட்டிக் கொண்டு கேட்டார். "ஏம்மா, வண்டி வெறும் அம்மியை அரைக்கிறதே, உனக்குக் கேட்கவில்லையா?"

"அம்மா, உனக்கு எல்லாமே சமையலறைதான்!" என்று அவர் பிள்ளை சிரித்தார். நானும் சிரித்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை, பள்ளிக்கூடத் தெருவின் முனையில் என் சிரிப்பு நின்றது. பால் பாக்கெட் போடும் பையன் ஒருவன் சந்திலிருந்து சைக்கிளோடு வெளியே வந்தான். பிரேக்கை மிதித்தேன். 'கர்ர்ர்' என்று ஒரு பெரிய அலறல். மிதி காலடியில் அதிர்ந்தது. வண்டி வலப் பக்கமாக ஒரு இழுப்பு இழுத்தது. வழக்கமாக நிற்கும் இடத்தில் நிற்காமல் இன்னும் ஒரு கார் நீளம் போய்த்தான் நின்றது. சைக்கிளின் பின்சக்கரத்துக்கும் எங்கள் பம்பருக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. பையன் திரும்பிப் பார்த்தான். அவ்வளவுதான், மணி அடித்துக் கொண்டே போய்விட்டான். எனக்குத்தான் கைகால் நடுக்கம் அடங்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. பின் சீட்டில் என் குழந்தைகள் இருவரும் வாயைத் திறக்கவில்லை.

அன்று மாலை நாங்கள் வழக்கமாகப் போகும் மெக்கானிக் பெரியவரை வீட்டுக்கே வரவழைத்தேன். அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்ததும், அதன் பிறகு நான் தேடிப் படித்துத் தெரிந்து கொண்டதும்தான் இந்தக் கட்டுரை. கையில் கிரீஸ் படாமலே நீங்கள் இவ்வளவையும் தெரிந்து கொள்ளலாம்.

இடுக்கியும் பலப்பமும்

பிரேக் என்பது பெரிய மாயவித்தை ஒன்றும் இல்லை. சக்கரத்தோடு சேர்ந்து ஒரு இரும்புத் தட்டு சுழல்கிறது. அதற்கு டிஸ்க் என்று பெயர். தட்டின் இரு பக்கமும் இரண்டு பேட்கள் காத்திருக்கின்றன. அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்க இடுக்கி வைத்திருக்கிறீர்களே, அது போன்ற ஒரு பிடி அந்த இரண்டு பேட்களையும் தாங்கிக் கொண்டிருக்கிறது. அதைக் காலிப்பர் என்கிறார்கள். நீங்கள் மிதியை அழுத்தினால், அந்த அழுத்தத்தைப் பிரேக் ஆயில் மெல்லிய குழாய் வழியாக எடுத்துப் போகிறது. இடுக்கி இறுகுகிறது, பேட்கள் தட்டைக் கவ்வுகின்றன, சக்கரம் நிற்கிறது.

நம் ஊரில் ஓடும் பல சின்னக் கார்களின் பின்சக்கரத்தில் வேறு ஏற்பாடு. அங்கே டிஸ்க்குக்குப் பதிலாக டிரம். மூடிய பாத்திரம் போன்ற அதன் உள்ளே பிறைச் சந்திரன் வடிவில் இரண்டு ஷூக்கள் உண்டு. பிரேக்கை மிதித்தால் அவை அகன்று பாத்திரத்தின் உள்சுவரை அழுத்தும்.

பேட் ஆனாலும் ஷூ ஆனாலும் அமைப்பு ஒன்றுதான். அடியில் ஒரு இரும்புத் தகடு. அதன் மேல் உராய்வதற்கென்றே தயாரித்த ஒரு பொருள். ஸ்லேட்டில் எழுத எழுதப் பலப்பம் தேய்வது போல, இதுவும் ஒவ்வொரு முறை பிரேக் போடும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். அது தேய்வது குற்றமல்ல. தேய்வதற்காகவே பிறந்தது அது. பலப்பம் முழுவதும் கரைந்த பிறகும் எழுதிக் கொண்டே இருந்தால் நகம் ஸ்லேட்டில் கீறும் அல்லவா? இரும்புத் தகடு டிஸ்க்கில் கீறுகிற அந்தச் சத்தம்தான் என் மாமியார் கேட்ட 'வெறும் அம்மி'.

இந்தப் பேட்கள் செய்கிற வேலை சாமானியமானதல்ல. ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார் மணிக்கு 80 கிலோ மீட்டர் வேகத்தில் போகிறது. அதை ஒரே ஒரு முறை பிரேக் போட்டு நிறுத்தினால் உண்டாகிற உஷ்ணம் எவ்வளவு தெரியுமா? குழாயில் பிடித்த ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும்! ஒவ்வொரு தடவையும் ஒரு சொம்பு வெந்நீர். வேகம் இரண்டு மடங்கானால் உஷ்ணம் நான்கு மடங்காகும். அதிலும் பெரும் பங்கைச் சுமப்பவை முன்சக்கரங்கள். பிரேக் போட்டதும் நாமெல்லாம் முன்னே சாய்கிறோம் அல்லவா? காரின் பாரமும் அப்படித்தான் முன்பக்கம் சாய்கிறது.

தாய் வீட்டுக்குப் போன பெண்மணி

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. கதை என்றாலும் உண்மையாக நடந்தது.

1888-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். ஜெர்மனியில் மன்ஹைம் என்ற ஊர். மோட்டார் வண்டியைக் கண்டுபிடித்த கார்ல் பென்ஸ் என்பவர் வீட்டில் ஒரு நாள் விடியற்காலை. கணவருக்குச் சொல்லாமல், அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ் தம் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக் கொண்டு, அந்த மூன்று சக்கர வண்டியை எடுத்துக் கொண்டு கிளம்பிவிட்டார். எங்கே என்கிறீர்களா? நூறு கிலோ மீட்டருக்கு அப்பால் போர்ஸ்ஹைமில் இருந்த தம் தாய் வீட்டுக்கு! மோட்டார் வண்டியில் அதற்கு முன் அவ்வளவு தூரம் போனவர் உலகத்திலேயே யாரும் இல்லை.

வழியில் எரிபொருள் தீர்ந்தது; மருந்துக் கடையில் வாங்கி ஊற்றிக் கொண்டார். குழாய் அடைத்தது, தொப்பியில் செருகும் ஊசியால் குத்திச் சரி செய்தார். சங்கிலிக்கு ஒரு கொல்லர் உதவி செய்தார். அதெல்லாம் போகட்டும். அந்த வண்டியில் பிரேக் என்பது வெறும் மரக்கட்டைதான். மேடும் பள்ளமுமான பாதையில் இறங்கி இறங்கிக் கட்டை தேய்ந்து போயிற்று. அம்மாள் என்ன செய்தார்? ஒரு செருப்புத் தைப்பவரைக் கூப்பிட்டுக் கட்டையின் மேல் தோலை வைத்து ஆணி அடிக்கச் சொன்னார். தேய்ந்தால் தோல் தேயட்டும், கட்டை தப்பட்டும். தோல் தேய்ந்தால் வேறு தோல் மாற்றிக் கொள்ளலாம் என்பது அவர் யோசனை.

இன்று உலகம் முழுவதும் ஓடும் கார்களில் இருக்கிற பிரேக் லைனிங்குக்கு அதுதான் ஆரம்பம். செய்தவர் ஒரு இல்லத்தரசி. ஆகவே, "பிரேக் விஷயம் பெண்களுக்கு எதற்கு?" என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பது இனிமேல் உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். டிஸ்க் பிரேக்குக்கு 1902-ல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியவர் பிரெடரிக் லான்செஸ்டர் என்ற பொறியியலாளர். அவருடைய பிரேக்கில் உலோகமும் உலோகமும் நேருக்கு நேர் உரசின. சத்தம் காதைப் பிளந்ததாம்! ஆக, நடுவில் ஒரு மெத்தை வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்து போன பாடம்.

நாடி பார்க்கிற நாலு கேள்விகள்

மெக்கானிக் பெரியவர் வந்ததும் வண்டியைத் தொடவே இல்லை. திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். "நாடி பார்க்காம மருந்து கொடுக்கலாமாம்மா? முதல்லே கேட்கிறதுக்குப் பதில் சொல்லுங்க" என்றார். அவர் கேட்ட கேள்விகள் நாலு. இந்த நாலையும் நீங்கள் மனப்பாடம் செய்து கொள்ளலாம்.

முதல் கேள்வி: சத்தம் எப்போது வருகிறது?

பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் வந்தால் பேட், ஷூ, டிஸ்க் இவற்றில்தான் கோளாறு. மிதிக்காதபோதும் ஓயாமல் வந்தால் வேறு காரணம் இருக்கலாம். டிஸ்க்குக்குப் பின்னால் மெல்லிய தகர மறைப்பு ஒன்று உண்டு. மண் பாதையில் போய்விட்டு வந்தால் ஒரு பொடிக் கல் அதற்குள் சிக்கிக் கொண்டு 'கரகர'வென்று உயிரை வாங்கும். வண்டியை மெல்லப் பின்னால் எடுத்தால் சில சமயம் கல் தானே விழுந்துவிடும். விழாவிட்டால் மெக்கானிக் ஒரு நிமிஷத்தில் எடுத்துவிடுவார்.

மழைக்கால மறுநாள் காலையில் மட்டும் நாலைந்து தடவை 'கரகர' என்றுவிட்டு அடங்கிப் போகிறதா? அது துரு. ஐப்பசி, கார்த்திகை மழையில் இரவெல்லாம் நின்ற வண்டியின் டிஸ்க்கில் மெல்லிய செந்துரு படரும். இரண்டு தெரு போவதற்குள் பேட் அதைத் துடைத்துவிடும். பயப்பட வேண்டியதில்லை. மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு இது அதிகமாகத் தெரியும். அந்தக் கார்களில் மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பேட்களுக்கு வேலை குறைவு. துடைக்க ஆள் இல்லாத தட்டில் துரு தங்கிவிடுகிறது.

இரண்டாவது கேள்வி: எங்கிருந்து வருகிறது?

முன்னாலா, பின்னாலா, வலமா, இடமா? இதற்கு ஒரு சுலபமான வழி. ஆள் நடமாட்டம் இல்லாத தெருவில், மதில் சுவர் ஓரமாகக் கண்ணாடிகளை இறக்கிவிட்டு மெல்ல ஓட்டுங்கள். சுவர் சத்தத்தைத் திருப்பி உங்கள் காதுக்கே அனுப்பும். போகும்போது ஒரு பக்கம், வரும்போது மறு பக்கம். பக்கத்தில் ஒருவர் இருந்து கேட்டால் இன்னும் நல்லது. எங்கள் வீட்டில் அந்த உத்தியோகம் இப்போது மாமியாருக்கு!

மூன்றாவது கேள்வி: எப்படிப்பட்ட சத்தம்?

குருவி போல 'கீச்' என்றால் அது எச்சரிக்கை. பல பேட்களில் ஒரு சின்ன எஃகு நாக்கு பொருத்தியிருப்பார்கள். பேட் தேய்ந்து கொஞ்சமே பாக்கி இருக்கும்போது அந்த நாக்கு டிஸ்க்கைத் தொட்டுக் கீச்சிடும். நம்மை எழுப்புவதற்கென்றே வைத்த அலாரம் அது. எங்கள் வீட்டில் அதைத்தான் 'தூசி' என்றார்கள்! அலாரம் நின்று போனதற்குக் காரணம் வண்டி குணமானதல்ல. நாக்கே தேய்ந்து மழுங்கிவிட்டது. 'கீச்' போய்க் 'கர்ர்' வந்தால் மெத்தை தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

வண்டு ரீங்காரம் போல 'ஊம்ம்' என்று வந்து, வேகத்தோடு கூடிக் குறைந்து, வளைவில் திரும்பும்போது மாறுகிறதா? அது பிரேக் அல்ல. சக்கரத்தின் பேரிங்காக இருக்கலாம். அதையும் அலட்சியம் செய்யக் கூடாது. ஈரத் தரையில் திடீரென்று ஓங்கி மிதிக்கும்போது 'கடகட'வென்று சத்தம் வந்து மிதி காலை உதைக்கிறதா? அண்மைக் காலக் கார்களில் சக்கரம் வழுக்காமல் காக்கிற ஏ.பி.எஸ். என்ற ஏற்பாடு வேலை செய்கிறது. பயந்து காலை எடுத்துவிடாதீர்கள், அழுத்தியே பிடியுங்கள்.

நாலாவது கேள்வி: காலுக்கும் கைக்கும் என்ன தெரிகிறது?

மிதி அதிர்ந்தால் டிஸ்க் கோணியிருக்கலாம் அல்லது கீறல் விழுந்திருக்கலாம். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் ஒரு சக்கரம் பிடிக்கிறது, மற்றது பிடிக்கவில்லை. மிதி பஞ்சு மாதிரி இறங்கினால் குழாயில் காற்றோ கசிவோ இருக்கும்; அந்த வண்டியை நகர்த்தவே கூடாது.

நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். மிதிக்கும்போது மட்டும் சத்தம், முன்பக்கம் இடப்புறம், முதலில் கீச், பிறகு கர்ர், மிதியில் அதிர்ச்சி, வலப் பக்கம் இழுப்பு.

"அப்போ இடப்பக்கம் சரியாப் பிடிக்கலை. அதுதான் வலப்பக்கம் இழுக்குது" என்று சொல்லிக் கொண்டே பெரியவர் எழுந்தார்.

சக்கரத்தைக் கழற்றியபோது

தரை சமமாக இருக்கிற இடத்தில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, ஜாக்கி வைத்துத் தூக்கினார். தூக்கிய பிறகு ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஒரு இரும்புத் தாங்கியையும் அடியில் வைத்தார். "ஜாக்கி தூக்கறதுக்கு. தாங்கறதுக்கு இல்லை" என்றார். வீட்டிலே இந்த வேலையைச் செய்து பார்க்க ஆசைப்படுகிற பிள்ளைகள் உங்களிடம் இருந்தால் இந்த வாக்கியத்தை அவர்களுக்கு இரண்டு முறை படித்துக் காட்டுங்கள்.

சக்கரம் கழன்றது. டிஸ்க்கைப் பார்த்து எனக்கே வருத்தமாகிவிட்டது. கண்ணாடி போல இருக்க வேண்டிய தட்டின் உட்புறம், இசைத்தட்டு மாதிரி வட்டம் வட்டமாகப் பள்ளம். காலிப்பரைத் திறந்து இரண்டு பேட்களையும் என் கையில் கொடுத்தார். வெளிப்பக்கத்துப் பேட்டில் பாதிக் கனம் அப்படியே இருந்தது. உட்பக்கத்துப் பேட்டில் வெறும் இரும்புத் தகடுதான் மிச்சம்!

ஒரே சக்கரத்தில் ஒன்று பாதி, ஒன்று பூஜ்யம் ஆவானேன்?

இடுக்கி இரு பக்கமும் சமமாகக் கவ்வ வேண்டுமானால் அது இரண்டு வழவழப்பான ஊசிகளின் மேல் வழுக்கி நகர வேண்டும். அதன் ரப்பர் உறை கிழிந்து, மழைத் தண்ணீர் புகுந்து, கிரீஸ் காய்ந்து, ஊசி துருப்பிடித்து இறுகிவிட்டது. உட்பக்கத்துப் பேட் ஒன்றே எல்லாப் பாரத்தையும் சுமந்து தேய்ந்தது. வெளிப் பக்கத்துப் பேட் சும்மா உட்கார்ந்திருந்தது. கூட்டுக் குடும்பத்தில் இப்படி நடப்பதை நாம் பார்த்ததில்லையா, என்ன!

இதில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. வெளியிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிவது வெளிப்பக்கத்துப் பேட்தான். அது நன்றாக இருக்கிறது என்று கண்டு "பேட் இருக்கிறதே!" என்று சொல்லி அனுப்பிவிடுகிறவர்களும் உண்டு. உட்பக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அதற்காகத்தான் வாய் இருக்கிறது.

பேட்டின் தேயும் பகுதி புதிதில் சுமார் 10 மில்லிமீட்டர் கனம் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுவது நல்லது. டிஸ்க்குக்கும் ஒரு குறைந்தபட்சக் கனம் உண்டு. பெரும்பாலும் அதன் மேலேயே பொறித்திருப்பார்கள். கனம் மிச்சம் இருந்தால் லேத்தில் கொடுத்துச் சமன் செய்யலாம். எங்களுடையதை அளந்து பார்த்தார். மிச்சம் இல்லை. புதிதுதான் போட வேண்டியதாயிற்று. பேட்டும் டிஸ்க்கும் ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது. முன்பக்கம் என்றால் இரண்டு முன்சக்கரத்துக்கும் சேர்த்துத்தான். இல்லாவிட்டால் வண்டி மறுபடி ஒரு பக்கம் இழுக்கும்.

புதுப் பேட், புது டிஸ்க், ஊசிகளைத் துடைத்து உஷ்ணம் தாங்கும் கிரீஸ், புது ரப்பர் உறை. இதில் கடைசி இரண்டும்தான் உண்மையான வைத்தியம். அதைச் செய்யாமல் பேட்டை மட்டும் மாற்றியிருந்தால், ஆறே மாதத்தில் உட்பக்கத்துப் பேட் மறுபடி தேய்ந்திருக்கும்.

எல்லாம் முடிந்ததும் வண்டியைக் கிளப்புமுன் பெரியவர் மிதியை ஏழெட்டு முறை அழுத்தினார். புதுப் பேட் போட்ட உடனே முதல் மிதி அடிவரை இறங்கிவிடும். இதைத் தெரியாமல் ஒர்க்ஷாப் வாசலிலேயே எதிர்ச் சுவரில் மோதியவர்கள் உண்டாம். "முதல் இருநூறு முந்நூறு கிலோ மீட்டர் மெதுவா ஓட்டுங்க. புதுப் பேட்டும் புதுத் தட்டும் பழகணும்" என்றார். புது மருமகளும் மாமியாரும் மாதிரி என்று நான் நினைத்துக் கொண்டேன், சொல்லவில்லை.

பில்லைப் பார்த்த என் கணவர் பேசவில்லை. குருவி கத்தியபோதே பார்த்திருந்தால் பேட்டோடு போயிருக்கும். நகத்தால் கிள்ளி எறிய வேண்டியதைக் கோடாலி கொண்டு வெட்டினோம்.

தேங்காய் எண்ணெய் வைத்தியம்

வேலை நடக்கும்போது வேடிக்கை பார்த்த பக்கத்து வீட்டு மாமா ஒரு யோசனை சொன்னார். "கதவுக் கீல் சத்தம் போட்டால் ரெண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுகிறோமே, அந்த மாதிரி விட்டுப் பார்த்தால் என்ன?"

பெரியவர் பதறிவிட்டார். பிரேக் வேலை செய்வதே உராய்வினால்தான். அங்கே எண்ணெய் பட்டால் சத்தம் நின்றுவிடும், வண்டிதான் நிற்காது! எண்ணெயோ கிரீஸோ பட்ட பேட்டை எறிந்துவிட வேண்டியதுதான். அதே போல, சக்கரத்தைச் சுற்றிப் படிந்த கரும் பொடியை வாயால் ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் கலந்திருந்தது. எந்தப் பொடியானாலும் மூச்சில் போவது நல்லதல்ல. ஈரத் துணியால் துடைப்பதே சரி.

பிரேக் ஆயில் பற்றி ஒரு வார்த்தை. பானெட்டைத் திறந்தால் ஒரு சின்னப் பிளாஸ்டிக் புட்டியில் மேல் கோடு, கீழ்க் கோடு என்று இரண்டு கோடுகள் தெரியும். பேட் தேயத் தேய இந்த ஆயில் மட்டம் இறங்கும். ஆகவே மட்டம் குறைந்திருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். ஏன் குறைந்தது என்று கேளுங்கள். பேட் தேய்ந்திருக்கலாம், அல்லது எங்காவது ஒழுகலாம். இந்த ஆயிலுக்கு, உப்பு ஜாடி போல, காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கிற குணம் உண்டு. 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும் டாட் 4 ரக ஆயில், ஈரம் சேர்ந்தால் 155 டிகிரி அளவிலேயே கொதித்துவிடக் கூடும். கொதித்தால் குழாயில் ஆவி; ஆவி வந்தால் மிதி காற்றை மிதித்தது போல் ஆகிவிடும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். பெயின்டில் பட்டால் அரித்துவிடும், அதிலும் ஜாக்கிரதை!

மலை இறங்கும்போது

பத்து நாள் கழித்து ஏற்காடு போனோம். சேலத்திலிருந்து மேலே ஏற இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது பிரேக்குக்கு வேலை இல்லை. மூன்று நாள் கழித்து இறங்கும்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நாங்கள் மட்டும் அந்தப் பழைய பேட்டோடு வந்திருந்தால்?

மலையிலிருந்து இறங்கும்போது பிரேக்கை ஓயாமல் மிதித்துக் கொண்டே வந்தால், அந்தச் சொம்பு சொம்பான உஷ்ணம் ஆறுவதற்கு நேரமே கிடைக்காது. நல்ல பேட்கூடச் சூடேறிப் பிடி தளர்ந்துவிடும். தீய்ந்த வாடை வரும். மிதித்தாலும் வண்டி நிற்கத் தயங்கும். ஏறும்போது எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்பது டிரைவர்கள் சொல்லும் விதி. எஞ்சினே வண்டியைப் பிடித்துக் கொள்ளும். பிரேக்கை விட்டு விட்டு மிதித்தால் போதும். பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று எஞ்சினை அணைத்துவிட்டோ நியூட்ரலிலோ இறங்குவது தற்கொலைக்குச் சமானம். வாடை வந்தால் அகலமான இடத்தில் ஒதுங்கி அரை மணி ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள்; காய்ந்த தட்டு கோணிவிடும்.

ஒருவேளை மிதி அடியோடு இறங்கிவிட்டால்? மிதியை வேகமாக விட்டு விட்டு அழுத்துங்கள். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். கை பிரேக்கை ஒரேயடியாக இழுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைக்காதீர்கள். ஸ்டீயரிங் பூட்டிக் கொண்டுவிடும்.

அந்தக் கொண்டை ஊசிகளில் என் கணவர் இரண்டாவது கியரில் நிதானமாக இறங்கினார். ஒவ்வொரு வளைவிலும் ஜன்னல் கண்ணாடியைத் தாமே இறக்கிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார். கடைசி வளைவு தாண்டி அடிவாரம் வந்ததும், பின்னால் திரும்பாமலே கேட்டார்: "அம்மா, ஏதாவது சத்தம் கேட்கிறதா?"

என் மாமியார் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக் கவனித்தார்.

"ஒன்றும் இல்லையடா. இப்போது மாவு இருக்கிறது" என்றார்.

சகோதரிகளே, இன்றைக்கு உங்கள் காரில் ஏறும்போது ரேடியோவைப் போடாதீர்கள். ஐந்து நிமிஷம் சும்மா இருந்து கேளுங்கள். குருவி கத்தினால் இந்த வாரமே மெக்கானிக்கிடம் போங்கள். வெறும் அம்மி அரைத்தால் வண்டியை எடுக்காதீர்கள்; மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். "அது ஒன்றுமில்லை" என்று யார் சொன்னாலும் சரி, பேட்டைக் கழற்றிக் கையில் கொடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.